தொட்டியம்மாவின் வண்டி

என் மாமியார் இருபத்திரண்டு வருடம் ஒரு மண்ணெண்ணெய்த் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து சம்பாதித்தவர். ஒரு பார்சல் கம்பெனியின் வண்டிப் பணிமனையில் அவருக்கு வேலை. வேனோ மோட்டார் சைக்கிளோ பழுதாகி வந்தால் மெக்கானிக்குகள் பிரித்துப் போடுவார்கள். பிரித்ததெல்லாம் ஒரு தகரக் கூடையில் அத்தையின் இடத்துக்கு வரும். அவர் ஒவ்வொன்றாகத் தொட்டியில் முக்கி, பிரஷ் போட்டுத் தேய்த்து, கரியும் கசடும் போக அலசி, துணியால் துடைத்து, வேறொரு கூடையில் அடுக்கித் தருவார். கூடை உள்ளே போய்விடும். அங்கே எதை எதோடு மாட்டுகிறார்கள் என்று எழுந்துபோய்ப் பார்க்க அவருக்கு நேரம் கிடைத்ததில்லை. அதற்குள் அடுத்த கூடை வந்து நிற்கும்.

பணிமனையில் அவருக்குத் தொட்டியம்மா என்று பெயர். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பெயர் கூடவே தெருவுக்கு வந்துவிட்டது. ஒருமுறை ஏதோ அலுவலகத்தில் கருவியில் விரலை வைக்கச் சொன்னார்கள். வைத்தார். ரேகை இல்லை என்றது கருவி. துடைத்துவிட்டு வைத்தார். மறுபடியும் இல்லை என்றது.

"அம்மா, உங்க ரேகையே விழ மாட்டேங்குதே?" என்றார் அங்கிருந்தவர்.

"அதெல்லாம் எங்க கம்பெனி வண்டிங்கள்ல ஓடிட்டிருக்கு சார். ஏதாவது ஒரு வண்டியை நிறுத்தி எடுத்துக்குங்க" என்றார் அத்தை.

நான் வீட்டிலேயே துணி தைக்கிறவள். என் தையல் மெஷின் ஜன்னலோரம் இருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே, சமையலறைக்கும் மதில் சுவருக்கும் நடுவில், ஒரு நீளமான சந்து. மேலே தகரம் போட்டிருக்கும். துணி காய்வதும் விறகுக்கட்டை கிடப்பதும் அங்கேதான். எனக்கு வாய் குறைவு, கண் அதிகம். தைத்துக்கொண்டே அந்தச் சந்தில் நடப்பதையெல்லாம் பார்த்துவிடுவேன். அதனால்தான் இதை நான் எழுத முடிகிறது.

என் வீட்டுக்காரருக்கு ரொட்டித் தொழிற்சாலையில் வேலை. ஒன்பது வருடம் தட்டு தூக்கினார். போன வருடம் ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் கம்பெனி புதிதாக ஒரு தொழிற்சாலை திறந்தது. அங்கே ஓவன் பொறுப்பை அவருக்குத் தருவதாகச் சொன்னார்கள். ஒன்றாம் தேதியிலிருந்து காலை ஆறு மணிக்கு ஓவன் சூடாகியிருக்க வேண்டும். எங்கள் பக்கத்திலிருந்து கிளம்பும் முதல் பஸ்ஸே ஆறரைக்குத்தான் பாலத்தைத் தாண்டும். சைக்கிளில் போகலாம் என்றால் பதினைந்து கிலோமீட்டர், அதில் பாதி ஏற்றம். தட்டு தூக்கித் தூக்கி அவர் முட்டி ஏற்கெனவே பேச ஆரம்பித்திருந்தது. புது வண்டி எங்கள் கைக்கு எட்டுகிற தூரத்தில் இல்லை.

ஒன்றாம் தேதிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது ஒரு மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்.

"மேனேஜர் கறாரா சொல்லிட்டார். வர முடியலன்னா இப்பவே சொல்லிடுங்க, அடுத்த ஆளு ரெடியா இருக்காருன்னு. நான் பேசாம வேண்டாம்னு சொல்லிடறேன்."

அத்தை தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"ஒன்பது வருஷம் தட்டு தூக்கினவன், அடுப்பு கைக்கு வந்ததும் வேண்டாங்கிறியா? வண்டியை வாங்கு."

"வண்டி என்ன வானத்துலேர்ந்தா விழும்?"

"பெயிண்டுக் கடைக்குப் பின்னால நிக்குது."

"அதுவா? அது வண்டியாம்மா? அலமாரி!"

அவர் சொன்னதில் தப்பில்லை. அந்த மோட்டார் சைக்கிளின் சீட்டின் மேல் நான்கு வருடமாகப் பெயிண்ட் டப்பாக்களை அடுக்கியிருந்தார்கள். டேங்க் மேல் ஐந்து கலரில் வழிந்து காய்ந்திருந்தது. இரண்டு டயரும் தரையோடு தரையாகப் படுத்துவிட்டன. இரும்பு விலைக்குக் கொடுத்துவிடுவதாகக் கடைக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார், எடுக்கத்தான் ஆளில்லை.

அன்றைக்குச் சாயங்காலமே அத்தை என்னையும் கூட்டிக்கொண்டு போனார். டப்பாக்களை இறக்கி வைத்தார். குந்தி உட்கார்ந்து இன்ஜினை மோந்து பார்த்தார். சைலன்சருக்குள் சுண்டுவிரலை விட்டு எடுத்து, கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். கிக்கரைக் கையால் அமுக்கினார். அது தண்ணீருக்குள் இறங்குகிற மாதிரி எதிர்ப்பே இல்லாமல் இறங்கியது.

"மூச்சு இல்ல" என்றார். "ரிங்கு ஒட்டியிருக்கும், ஹெட் பேக்கிங்கும் போயிருக்கும். சாகல. மயக்கம்தான்."

கடைக்காரரிடம் இரும்பு விலையைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தோம். அத்தை ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு பின்னாலிருந்து தள்ளினேன். நிமிர்ந்தால் தெருவே நம்மைப் பார்ப்பது தெரிந்துவிடும். முனையில் மெக்கானிக் ஒருவர் கடை வைத்திருக்கிறார். வேலை செய்கிற நேரத்தைவிட வாசலில் போனோடு நிற்கிற நேரம் அவருக்கு அதிகம்.

"எடைக்குப் போடவா தொட்டியம்மா? அந்தக் கடை எதிர்ப்பக்கம் இருக்கு."

"ஓட்டறதுக்கு."

"யாரு வேலை பாக்கறது?"

"நானும் என் மருமகளும்."

அவர் என்னைப் பார்த்தார். நான் பின்சக்கரத்தைப் பார்த்தேன்.

"கழுவறது வேற, மாட்டறது வேறம்மா" என்றார் அவர், கொஞ்சம் இரக்கத்தோடு.

"உன் கையைக் காட்டு. ரெண்டும் பண்ணாதவன் கை மாதிரியில்ல இருக்கு, பளபளன்னு!" என்றார் அத்தை. தள்ளுவதை நிறுத்தாமலேதான் சொன்னார்.

மறுநாள் காலையில் பிரித்தார். இருபத்திரண்டு வருடம் கூடையில் வந்ததைத் தொட்ட கைக்கு, முதல் தடவையாக முழு வண்டி கிடைத்திருந்தது. ஸ்பேனரை வைப்பதும் தெரியவில்லை, திருகுவதும் தெரியவில்லை, ஒவ்வொன்றாகக் கழன்று வந்துகொண்டிருந்தது. அடி நசுங்கியதற்காகத் தொழிற்சாலையில் தள்ளிவிட்ட பன் தட்டுகள் நாலைந்தை என் வீட்டுக்காரர் முன்பே கொண்டுவந்து போட்டிருந்தார். ஒரு தட்டில் இருபத்துநாலு குழி. குழிக்கு ஒரு போல்ட்டாக அத்தை போட்டுக்கொண்டே போனார்.

ஒவ்வொன்றையும் கையில் எடுத்ததும் அதனிடம் பேசுவார். "வாடி ராக்கர், எவ்ளோ நாளாச்சு!" "பிஸ்டனுக்குத் தலையெல்லாம் கரி, குளிச்சே வருஷக்கணக்கா ஆயிருக்கும்போல." நான் தைத்துக்கொண்டே சிரித்தேன்.

தைத்துக்கொண்டே இன்னொரு வேலையும் செய்தேன். ஆல்டரேஷனுக்கு ஒரு கோட்டு வந்தால், தையலைப் பிரிக்கிற வரிசையில் ஒவ்வொரு துண்டிலும் சாக்கட்டியால் நம்பர் போடுவது என் வழக்கம். போடாவிட்டால் இடது கை வலது கையாகிவிடும். அந்தப் பழக்கத்தில், அத்தை கழற்றி வைக்க வைக்க, நான் எழுந்துபோய் ஒவ்வொன்றின் மேலும் சாக்கட்டியால் நம்பர் எழுதினேன். எழுதிவிட்டு வந்து, அளவு நோட்டில் அந்த நம்பருக்கு நேரே ஒரு வரி குறித்தேன். அத்தை வேலையிலிருந்து தலையைத் திருப்பவில்லை. பூனை குறுக்கே நெடுக்கே போவதைக் கவனிப்பதுபோலத்தான் என்னைக் கவனித்திருப்பார்.

அதற்கடுத்த இரண்டு நாளும் கழுவல். அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பிஸ்டனில் ரிங் இரண்டும் காடிக்குள் ஒட்டிப்போயிருந்தன. வேறு யாராவது என்றால் நெம்பி உடைத்திருப்பார்கள். அத்தை அதை ஒரு நாள் முழுக்க மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, விரல் நகத்தால் சுற்றிச்சுற்றித் தடவிக்கொடுத்தார். இரண்டாம் நாள் பத்து மணிக்கு மேல் ரிங் அசைந்தது. பதினொன்றுக்கு வளையல் மாதிரிக் கழன்று வந்தது. இன்ஜினின் தலைப்பகுதியான ஹெட்டைக் கவிழ்த்து, வால்வுக்கு மேலே மண்ணெண்ணெயை ஊற்றி வைத்தார். அரை மணி நேரம் ஆகியும் ஒரு சொட்டுக் கசியவில்லை.

"வால்வு தங்கம்" என்றார்.

எல்லாவற்றையும் துடைத்து, பன் தட்டுகளில் பரப்பி வைத்தார். சந்தே நகைக்கடை மாதிரி இருந்தது.

அதற்கு மறுநாள் காலையில் நான் ஒரு சட்டைக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்தேன். அத்தை தட்டுகளுக்கு முன்னால் மணையைப் போட்டு உட்கார்ந்திருந்தார். ஒன்றை எடுத்தார். திருப்பிப் பார்த்தார். வைத்துவிட்டார். இன்னொன்றை எடுத்தார். அதையும் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, ஏற்கெனவே பளபளத்துக்கொண்டிருந்த ஒரு மூடியை எடுத்துத் துணியால் மறுபடியும் துடைக்க ஆரம்பித்தார்.

அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. கழுவின கூடையை எடுத்துப் போக ஆள் வருவார்கள் என்று காத்திருக்கிறவர் மாதிரி இருந்தார்.

நான் காலரை அப்படியே ஊசியில் விட்டுவிட்டு, அளவு நோட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அத்தை, நம்பர் போட்டிருந்தேனே…"

"எங்க?"

"இது மேலதான். எல்லாத்து மேலயும்."

"அந்த வெள்ளைக் கிறுக்கலா? அதைக் கழுவறதுக்குள்ள என் உயிர் போயிடுச்சு! பெயிண்டுக்காரன் வேலைன்னு நெனச்சேன்."

நான் ஒரு கணம் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். முதலில் சிரித்தது யார் என்று இப்போது ஞாபகமில்லை. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டபோதுதான் அத்தை மெதுவாகச் சொன்னார்.

"எது என்னன்னு எனக்குத் தெரியும்டி. எது எங்கன்னுதான் தெரியல."

"எனக்கு எது என்னன்னு தெரியாது அத்தை. எது எங்கன்னு எழுதி வெச்சிருக்கேன்."

நோட்டைப் பிரித்துப் படித்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் எழுதிய எழுத்து. அதோடு எனக்குத் தெரிந்த பெயர்களும் என் தொழிலின் பெயர்கள்தான். "பதினேழு. கைக்குழி மாதிரி வளைந்த இரும்பு, இரண்டு. பதினெட்டு. கஃப் மாதிரி வட்டம், அடியில் பட்டி."

"கைக்குழியா? அது ராக்கர்! அப்புறம்?"

"பத்தொன்பது. பெரிய பொத்தான், நடுவில் ஓட்டை, ஓரமெல்லாம் பல்."

"செயின் ஓடற சக்கரம். அது எதுக்குப் பக்கத்துல இருந்துச்சு?"

"கைக்குழிக்குக் கீழே."

கடைசி வரியிலிருந்து முதல் வரிவரை தலைகீழாகப் படித்துக்கொண்டு வந்தோம். நான் வரியைச் சொல்வேன், அத்தை தட்டிலிருந்து பொருளை எடுத்துப் பெயரைச் சொல்வார். மத்தியானத்துக்குள் நோட்டின் ஓரத்தில் எல்லாப் பெயரும் ஏறிவிட்டன. சாப்பிட வந்த என் வீட்டுக்காரர் நோட்டை வாங்கிப் புரட்டினார்.

"இதென்னடி, 'சின்னக் காலர், உள்பக்கம் கேன்வாஸ்'?"

"கிளட்ச் பிளேட்டு" என்றார் அத்தை, முகத்தைத் திருப்பாமல்.

"நான் போகப் போறது வண்டியிலயா, கோட்டுலயா?"

"முதல்ல கையைக் கழுவிட்டு வந்து நோட்டைத் தொடு. மாவு ஒட்டுது."

மாட்டும்போது ஓரிடத்தில் நோட்டும் உதவவில்லை. அந்தப் பல்சக்கரம் எந்தப் பல்லில் வேண்டுமானாலும் உட்கார்ந்தது. அத்தைக்கு அப்போது ஒன்று ஞாபகம் வந்தது. சக்கரத்தின் ஓரத்தில் ஊசிமுனையளவு ஒரு புள்ளி இருக்கிறதாம். பணிமனையில் அதை அழுக்கு என்று நினைத்துப் பல தடவை தேய்த்துத் தேய்த்துத் தோற்றிருக்கிறாராம். நான் வாங்கிப் பார்த்தேன். புள்ளி இருந்தது. ஹெட்டில் அது உட்காரும் இடத்துக்கு நேரே ஒரு சின்ன வெட்டும் இருந்தது.

எனக்குச் சட்டென்று புரிந்தது. சட்டையின் கையில் ஒரு வெட்டுக்குறி இருக்கும், கை பொருந்தும் கைக்குழியில் ஒன்று இருக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் கை நேராகத் தொங்கும்.

"இது அழுக்கில்ல அத்தை. ரெண்டும் ஒண்ணையொண்ணு நேரா பாத்துக்கணும்."

கீழே இன்ஜின் ஓரத்தில் சுற்றும் மேக்னட் சக்கரத்திலும் அப்படி ஒரு கோடு இருக்கிறதா என்று தேடினோம். இருந்தது. அதற்கும் நேரே ஒரு குறி இருந்தது. இரண்டு ஜோடியையும் சேர்த்து வைத்துச் செயினைப் போட்டபோது அத்தை தலையை ஆட்டிக்கொண்டார்.

"இருபத்திரண்டு வருஷமா அதை அழிக்கப் பாத்திருக்கேன் பாரு!"

இனி நான் செய்த தப்பைச் சொல்கிறேன்.

இந்தப் புள்ளிக்கெல்லாம் முந்தின வேலை அது. சிலிண்டர், இன்ஜினின் அடிப்பகுதி மேல் உட்காரும் இடத்தில் காகிதம் மாதிரி ஒரு பேக்கிங் வைக்க வேண்டும். பழையது கழற்றும்போதே மூன்று துண்டாகக் கிழிந்துவிட்டது. ஹெட் பேக்கிங், பிளக், ட்யூப், ஆயில் எல்லாம் கடையில் கிடைத்தன. இந்த அடிப் பேக்கிங் மட்டும் இந்தப் பழைய மாடலுக்கு இல்லை என்றார்கள். பேக்கிங் ஷீட் ஒன்று வாங்கி வந்தோம்.

"வெட்டறது உன் வேலை" என்றார் அத்தை. "தையலுக்குன்னு ஓரத்துல இடம் விட்டுடாதே!"

சிரித்துக்கொண்டே கட்டிங் மேசையில் போட்டேன். கிழிந்த மூன்று துண்டையும் ஒட்டுப்போடுகிற மாதிரி சேர்த்து வைத்து, அதன் மேல் அளவெடுத்தேன். பெரிய வட்டம் ஒன்று, போல்ட்டுக்கு நான்கு ஓட்டை, செயினுக்குச் சதுரமாக ஒரு வழி. ஓரத்தில் தனியாக, எந்த போல்ட்டுக்கும் சம்பந்தமில்லாமல், இன்னொரு சின்ன ஓட்டையும் இருந்தது. பெட்டியில் வைத்த துணியில் பூச்சி அரித்தால் அந்த அளவில்தான் விழும். கிழிசலை யாரும் அளவெடுப்பதில்லை. பழைய சட்டையைக் கொடுத்து இதே மாதிரி ஒன்று தைத்துக் கொடு என்றால், முழங்கைக் கிழிசலையும் சேர்த்தா தைப்போம்? நான் அந்த ஓட்டையை விட்டுவிட்டு வெட்டினேன். புதுப் பேக்கிங் பழையதைவிட அழகாக வந்ததில் எனக்குள் ஒரு பெருமை வேறு.

இருபத்தொன்பதாம் தேதி காலையில் வண்டி முழு வண்டியாக நின்றது. என் வீட்டுக்காரருக்கு அன்றைக்கு வார விடுமுறை. டேங்க் மேல் இருந்த பெயிண்டில் நாலு கலர் போய்விட்டது, மஞ்சள் மட்டும் போகவில்லை. வாசலில் நிறுத்தி அவர் கிக்கரை உதைத்தார். இப்போது அது இறங்க மறுத்தது. காலை எதிர்த்துத் தள்ளியது.

"மூச்சு வந்துடுச்சு" என்றார் அத்தை.

ஏழாவது உதையில் இருமியது. ஒன்பதாவது உதையில் பிடித்துக்கொண்டது.

எதிர்வீட்டுப் பால்கனியில் யாரோ கை தட்டினார்கள். என் வீட்டுக்காரர் ஆக்சிலேட்டரைப் பிடித்தபடி நின்றார். வாய் மட்டும் காது வரை போயிருந்தது. சத்தம் கேட்டு முனையிலிருந்து மெக்கானிக்கும் வந்துவிட்டார், போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு. அத்தை இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவரைப் பார்த்த பார்வையை நான் எழுத வேண்டியதில்லை.

எல்லோரும் சத்தத்தைக் கேட்டு மகிழ்ந்துகொண்டிருந்தபோது, நான் அந்தச் சத்தத்துக்குள் இன்னொரு சத்தத்தைக் கேட்டேன். மேலேயிருந்து, ஹெட்டிலிருந்து, டக் டக் டக் என்று வறட்சியாக ஒன்று. என் மெஷினுக்கு எண்ணெய் விட மறந்த நாளில் அப்படித்தான் கத்தும். அடுத்த இரண்டு நிமிஷத்தில் அது கூடியது.

நான் அத்தையின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.

"என்னடி?"

"நிறுத்தச் சொல்லுங்க."

அவர் என்னிடம் ஏன் என்று கேட்கவில்லை. "டேய், நிறுத்து" என்றார்.

வண்டி நின்றது. தெருவே திரும்பிப் பார்த்தது. "மேல காஞ்ச சத்தம் கேக்குது" என்று அத்தையின் காதுக்கு மட்டும் சொன்னேன். அவர் ஸ்பேனரை எடுத்து ஹெட்டின் மேலிருந்த டாப்பெட் மூடியைக் கழற்றினார். உள்பக்கத்தை விரலால் தடவினார். விரலைப் பார்த்தார்.

"எண்ணெய் ஏறல" என்றார். "இந்த மூடி எண்ணெய் இல்லாம என்கிட்ட வந்ததே கிடையாது. இதைக் கழுவத்தான் நேரம் பிடிக்கும். இது காஞ்சு கிடக்கு."

மெக்கானிக் எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. தெரிந்ததைச் சொன்னார்.

"ஆயில் பம்ப் போயிருக்கும்மா. இன்ஜினை ரெண்டாப் பொளக்கணும். இந்த மாடலுக்குப் பம்ப் இப்ப எங்கயும் கிடையாது. மேற்கொண்டு ஓட்டினா ஹெட்டு சூடாகி இறுகிப் பிடிச்சுக்கும். நான் அன்னைக்கே சொன்னேன்."

என் வீட்டுக்காரர் மெதுவாக வண்டியிலிருந்து இறங்கினார்.

"விடும்மா. இவ்ளோ தூரம் கொண்டாந்ததே பெரிசு. நான் நாளைக்குப் போய் மேனேஜர்கிட்ட சொல்லிட்டு வந்துடறேன்."

அத்தை மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தட்டுகளுக்கு முன்னால் அன்றைக்கு உட்கார்ந்திருந்த அதே முகம்.

எனக்குள் அந்தப் பூச்சி ஓட்டை வந்து நின்றது. எண்ணெய் கீழே இருக்கிறது. மேலே ஏற வேண்டும். நடுவில் நான் வெட்டிய காகிதம். அங்கே ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அவ்வளவு பேருக்கு நடுவில் நான் வாயைத் திறந்து அந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. பேசாமல் இருந்தால் பம்ப் மேல் பழி போய்விடும், யாருக்கும் தெரியப்போவதில்லை. ஓவனும் போய்விடும்.

"பம்ப் போகல" என்றேன்.

குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

"பம்ப் போகல. நான்தான் ஓட்டையை விட்டுட்டேன்."

உள்ளே ஓடினேன். ஒரு வேலை முடிந்து உரியவர் கைக்குப் போகிறவரை அதன் பழைய துண்டுகளைத் தூக்கிப் போடமாட்டேன். துண்டுத்துணி மூட்டைக்குள் கையை விட்டு அந்த மூன்று காகிதத் துண்டையும் எடுத்துக்கொண்டு வந்தேன். சீட்டின் மேல் சேர்த்து வைத்தேன். இப்போது பார்த்தால் அது பூச்சி அரித்த ஓட்டையே இல்லை. பூச்சி இவ்வளவு வட்டமாக அரிக்காது.

"இது பூச்சி ஓட்டைன்னு நெனச்சு வெட்டாம விட்டுட்டேன், அத்தை."

அத்தை குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தவர் திடீரென்று நெற்றியில் அடித்துக்கொண்டார். மூடி கையிலிருந்ததால் நெற்றியில் அதன் வட்டம் பதிந்தது.

"சிலிண்டர் ஓரத்துல ஒரு சின்ன ஓட்டை இருக்கும்! துடைப்பக் குச்சியை விட்டுக் குத்திக் குத்திக் கழுவுவேன். 'தொட்டியம்மா, அது அடைஞ்சுதுன்னா நீ வேற வேலை பாத்துக்க'ன்னு ஃபோர்மேன் தினமும் கத்துவார். எதுக்குன்னு அந்த மனுஷன் ஒருநாளும் சொல்லல. எண்ணெய் ஏறற வழிடி அது! நான் குச்சி விட்டுச் சுத்தம் பண்ணேன், நீ மேலேர்ந்து மூடி போட்டுட்டே!"

மெக்கானிக் துண்டுகளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு தடவை இருமினார்.

"அப்படின்னா சரிதான். ரெண்டு நிமிஷத்துலயே நிறுத்திட்டீங்க, ஒண்ணும் ஆகியிருக்காது. ஆனா மறுபடியும் எல்லாத்தையும் பிரிக்கணுமே? நாளைக்கு ஒரு நாள்தானே இருக்கு?"

"பன்னண்டு நாள் வேலைல பத்து நாள் தெரியாம செஞ்சது" என்றார் அத்தை. "தெரிஞ்சு செய்ய ஒரு நாள் போதும். டேய், அந்தப் பன் தட்டை எடு. நீ நோட்டை எடுடி."

என் மேல் கோபமா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே போல்ட்டைக் கழற்ற ஆரம்பித்திருந்தார்.

அன்று மத்தியானத்துக்குள் சிலிண்டர் வெளியே வந்தது. என் பேக்கிங் அப்படியே முழுசாக வந்தது. பிளவுஸில் கயிறு கோக்க ஐலெட் ஓட்டை போடுகிற உளியை எடுத்துப் பழைய துண்டின் ஓட்டை மேல் வைத்துப் பார்த்தேன். அளவெடுத்துச் செய்தது மாதிரிப் பொருந்தியது. நான் முதலில் வெட்டியது இன்ஜினில் அழுந்தி நைந்திருக்கலாம் என்று புதிதாகவே ஒன்று வெட்டினேன். கடைசியாக அந்த ஓட்டையைப் போட்டேன். சுத்தியலால் ஒரே தட்டு. வெளியே விழுந்த வட்டத் துணுக்கு ஒரு உளுந்து அளவுதான் இருக்கும். அதை நோட்டில் அந்த வரிக்கு நேரே ஒட்டி வைத்திருக்கிறேன்.

இந்தத் தடவை நான் நோட்டைப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. அத்தை கையை நீட்டுவார், நான் எடுத்துக் கொடுப்பேன். சில சமயம் நான் கையை நீட்டினேன், அவர் கொடுத்தார். "ராக்கர்" என்று நான் சொல்வதும் "கைக்குழி" என்று அவர் சொல்வதுமாக என் வீட்டுக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. அவருக்குக் கொடுத்த வேலை தேநீர் போடுவதும் புள்ளிகள் சேருகிறபோது சக்கரத்தைப் பிடித்துக்கொள்வதும். இரண்டையும் ஒழுங்காகச் செய்தார்.

முப்பதாம் தேதி லீவு போட்டுவிட்டு, பதினோரு மணிக்கு என் வீட்டுக்காரர் உதைத்தார். மூன்றாவது உதையில் பிடித்தது. டக் டக் முதலில் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு மெல்ல மெல்ல அமுங்கி, நன்றாக எண்ணெய் விட்ட மெஷின் சத்தமாக மாறியது. நிறுத்தச் சொல்லி, அத்தை மூடியைக் கழற்றினார். விரலை விட்டார். எடுத்தபோது விரல் முழுக்க மின்னியது. அதைத் துடைக்காமல் என் மூக்கு நுனியில் ஒரு பொட்டு வைத்தார்.

"பூச்சி ஓட்டையாம்!" என்றார்.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் பாலம் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். ஒன்றாம் தேதி விடிவதற்கு முன்பே கிளம்பினார். கிளம்பும் முன் அத்தை ஒருமுறை மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் விட்டார். மத்தியானம் அவர் திரும்பி வந்தபோது சட்டை முழுக்க மாவு. "அஞ்சு முப்பத்தஞ்சுக்கு வாட்ச்மேனே கேட்டைத் திறக்கல, நான்தான் எழுப்பினேன்" என்றார். மேனேஜர் வந்தபோது ஓவன் சூடாக இருந்ததாம். மஞ்சள் பெயிண்ட் வண்டி என்றுதான் அங்கே இப்போது சொல்கிறார்கள்.

அடுத்த வாரம் நான் ஒரு பாவாடைக்குப் பட்டி அடித்துக்கொண்டிருந்தபோது வாசலில் நிழல் தெரிந்தது. மெக்கானிக். ஒரு கையில் பேக்கிங் ஷீட், இன்னொரு கையில் செய்தித்தாளில் மடித்த கிழிந்த பழைய பேக்கிங்.

"தங்கச்சி, இது ஒரு பழைய ஸ்கூட்டரோடது. கடையில கிடைக்கல. உங்க கைப்பக்குவத்துல ஒண்ணு வெட்டிக் குடுக்க முடியுமா?"

நான் வாங்கி மேசை மேல் பரப்பினேன். முடியும் என்று சொன்னேன். நேராக அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன்.

சந்திலிருந்து அத்தையின் குரல் வந்தது.

"எத்தனை ஓட்டைன்னு எண்ணிச் சொல்லிட்டுக் குடுப்பா! எங்க வீட்டுல கிழிசல்னு நெனச்சா தைச்சுடுவாங்க."